முப்பத்தோராவது கேசட்

கவ்கப் ஸ்டூடியோவின் இரும்புக் கேட்டில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பர்ஸூம் நின்று நிதானமாகப் படித்தான். 'தொலைக்காட்சிப் பிரிவு இன்று முதல் மூடப்படுகிறது. ஊழியர்கள் உள்ளே வரத் தேவையில்லை.' அடியில் ஒரு கையெழுத்து. அதற்கும் கீழே யாரோ பென்சிலால் 'ரமலான் வாழ்த்துகள்' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்.

"பதிமூணு வருஷக் கதைய ரெண்டே வரியில முடிச்சுட்டாங்க மேடம். இத எழுதினவரு சீரியல் எடுத்தா முதல் நாளே முற்றும் போட்டுடுவாரு."

தவ்ஹீதா சிரிக்கவில்லை. நோன்பு நாட்களில் மூன்று மணிக்கு மேல் அவளைச் சிரிக்கவைக்க முடியாது என்பது பர்ஸூமுக்குத் தெரியும். இருந்தாலும் முயற்சியை அவன் விடுவதில்லை.

தவ்ஹீதா வக்கீல். கோர்ட்டில் நின்று வாதாடுவதைவிட, விஷயம் கோர்ட்டுக்கு வருமுன் என்ன நடந்தது என்று தேடிப் போவதில்தான் அவளுக்கு ருசி. பர்ஸூம் இருபது வருஷம் கெய்ரோவில் டாக்சி ஓட்டியவன். ஒரு வழக்கில் அவளுக்குச் சாட்சியாக வந்து, மூன்று வருஷத்துக்கு முன்னால் தன் வண்டியில் ஏறியவர் எந்தக் காலை இழுத்து நடந்தார் என்பதுவரை சொல்லி நீதிபதியையே நிமிர்ந்து உட்காரவைத்தான். அன்று சாயங்காலமே அவள் அவனை வேலைக்கு எடுத்துக்கொண்டாள். டாக்சி என்ற பலகையைக் கழற்றியாயிற்று. வாயைத்தான் கழற்ற முடியவில்லை.

கேட்டுக்கு எதிரே, ஹரம் சாலை ஓரத்தில், அந்தப் பழைய காரின் பின்சீட்டில் இன்ஸாஃப் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது. மடியில் கைப்பை, அதன் மேல் இரண்டு கையும். ஸ்டூடியோவுக்குள் நுழைய அவளுக்கு இப்போது அனுமதி இல்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை அரசு வழக்கறிஞர் முன்னால் அவள் ஆஜராக வேண்டும். அவள் மேல் குற்றம், ஒரு முழு சீரியலை அழித்தது.

அவள் கதையைப் பர்ஸூம் முந்தின நாளே கேட்டிருந்தான். தொலைக்காட்சிப் பிரிவின் கேசட் அறைக்கு அவள்தான் பொறுப்பு. இந்த ரமலானுக்காக எடுத்த சீரியலின் பெயர் 'உப்புக் கிடங்கு'. வளைகுடாவிலிருந்து ஒரு சேனலின் பிரதிநிதி அதை வாங்க வந்தார். முதல் கேசட்டை ஓடவிட்டார்கள். திரையில் ஈ மொய்ப்பதுபோல் வெறும் புள்ளிகள். இரண்டாவதும் அப்படி. எல்லாமே அப்படி. அந்த அறையில் பழைய கேசட்டுகளை அழித்து மறுபடி பயன்படுத்துவதற்கு ஒரு காந்தப் பெட்டி உண்டு. அதில் வைத்து எடுத்தால் பதிவு மொத்தமும் போய்விடும். கவனக்குறைவோ வன்மமோ, இன்ஸாஃப் எல்லாவற்றையும் அதில் வைத்துவிட்டாள் என்று முடிவு கட்டினார்கள். பிரதிநிதி அடுத்த விமானத்தில் திரும்பினார். நோன்பு தொடங்க இரண்டு நாள் இருக்கையில் கேட்டில் காகிதம் ஏறியது. நூற்று நாற்பது பேர் வீட்டுக்குப் போனார்கள். அத்தனை பேரும் இன்ஸாஃபைத்தான் சபித்தார்கள்.

சபிக்காதவர் ஒருவர்தான். பிரிவை உண்டாக்கிய ஃபஹீம் ஷல்கானி. எல்லோரும் அவரை 'உஸ்தாஸ்', அதாவது ஆசான், என்றே கூப்பிடுவார்கள். தவ்ஹீதாவைப் போய்ப் பார் என்று இன்ஸாஃபை அனுப்பிவைத்ததே அவர்தான்.

அந்த உஸ்தாஸ் மேல் பர்ஸூமுக்குத் தனி மரியாதை இருந்தது. சினிமாக்காரர்கள் டி.வி. பெட்டியைக் கண்டு மூக்கைச் சுளித்த காலத்தில், ஸ்டூடியோவின் பழைய தச்சுப் பட்டறையைக் காலி செய்து, இரண்டே கேமராவோடு ஆரம்பித்தவர். 'தச்சர்கள்' என்று கிண்டல் செய்தார்கள். ஷுப்ராவில் வசிக்கும் ஒரு தபால்காரர் குடும்பத்தைப் பற்றி அவரே எழுதி இயக்கிய முதல் சீரியல் ரமலானில் வந்தபோது, அது ஓடிய நேரத்தில் கெய்ரோத் தெருக்களில் பூனைகள் மட்டும்தான் நடமாடின. சவாரி கிடைக்காத பர்ஸூம் வண்டியை ஓரம்கட்டிவிட்டு, காபிக் கடையில் நின்றுகொண்டே முப்பது நாளும் பார்த்தான். தபால்காரர் ஓய்வு பெறும் நாளில் அழுதும் இருக்கிறான். பிறகு கிண்டல் செய்த நடிகர்களே வேஷம் கேட்டு அந்தப் பட்டறை வாசலில் நின்றார்கள். சினிமா படுத்த வருஷங்களில் ஸ்டூடியோவில் விளக்கு எரிந்ததே அந்தப் பிரிவால்தான். வருஷத்துக்கு இரண்டு சீரியல், மூன்று தளங்கள், வளைகுடா முழுக்கப் பேர். முதலாளி இறந்தார், மகன் வந்தான், எல்லாம் முடிந்தது.

அந்த மகனைப் பார்க்கத்தான் இப்போது போகிறார்கள்.

"கேசட் அறைக்கு மூணு சாவி. இன்ஸாஃப் அக்காகிட்ட ஒண்ணு, உஸ்தாஸ்கிட்ட ஒண்ணு, முதலாளி மகன்கிட்ட ஒண்ணு. இதுல துப்பறிய என்ன இருக்கு மேடம்? நேரா போயி அவன் கையப் பிடிச்சுட வேண்டியதுதான்."

"பிடிச்சு?"

"பிடிச்சுட்டா நீங்க நோன்பு திறக்க வீட்டுக்குப் போகலாம். உங்களுக்குச் சாயங்காலமானா விடுதலை. எனக்கு ஈஸ்டர் வரைக்கும் ஜாமீன் கிடையாது."

இந்த வருஷம் முஸ்லிம்களின் நோன்பும் கிறிஸ்தவர்களின் பெருநோன்பும் ஒன்றாக வந்திருந்தன. பர்ஸூமுக்கு இறைச்சியும் பாலும் முட்டையும் விலக்கு. ஐம்பத்தைந்து நாளும் அவித்த மொச்சைதான் கதி.

மகன் ஷாஹிர் நாற்பது வயதைத் தொடாதவர்; மரியாதைக்குப் பெயரோடு 'பே' சேர்த்துத்தான் எல்லோரும் கூப்பிடுவார்கள். தாத்தா காலத்து மேஜை, சுவர் முழுக்கப் பழைய சினிமாச் சுவரொட்டிகள். சிகரெட் பிடிக்க முடியாத எரிச்சல் விரல்களில் தெரிந்தது. பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார். அந்த ஆளின் முகத்திலேயே குற்றப்பத்திரிகை எழுதியிருப்பதாகப் பர்ஸூமுக்குப் பட்டது.

தவ்ஹீதா சுற்றி வளைக்கவில்லை. பிரிவை மூட எப்போது முடிவெடுத்தீர்கள் என்று கேட்டாள். கேசட் அழிந்த பிறகு என்று சொல்வார் என்று பர்ஸூம் எதிர்பார்த்தான்.

"நவம்பர் கடைசியில," என்றார் ஷாஹிர் பே. "கேமராவெல்லாம் கிழடாயிடுச்சு. தளத்த விளம்பரப் படக்காரங்களுக்கு விடப்போறேன். ஃபஹீம இதே நாற்காலியில உட்கார வெச்சுச் சொன்னேன். உப்புக் கிடங்கு முடியட்டும், வித்துடுவோம், அதோட சரின்னு."

"அவர் என்ன சொன்னார்?"

"ஆளுங்ககிட்ட தானே சொல்லிக்கறேன், அவசரப்படாதீங்கன்னார்."

பர்ஸூம் தவ்ஹீதாவைப் பார்த்தான். அடுத்த வருஷத்துக்கு இரண்டு சீரியல் பேசியிருக்கிறேன் என்று உஸ்தாஸ் ஜனவரியில் எல்லோரையும் கூட்டிச் சொன்னதாக இன்ஸாஃப் சொல்லியிருந்தாள். மின்வேலை செய்கிற ஒருவன் அந்தத் தைரியத்தில் கல்யாணத்துக்கு நாள்கூடக் குறித்துவிட்டானாம். பே, உஸ்தாஸ் இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார். பர்ஸூமின் ஓட்டு ஷாஹிர் பே மேல்தான் விழுந்தது.

தவ்ஹீதா எழுந்திருக்கும்போது போகிறபோக்கில் கேட்பதுபோல், மொத்தம் எத்தனை கேசட் அழிந்தது என்றாள்.

"முப்பது. நோன்பு முப்பது நாள்தானே?"

தவ்ஹீதா தலையசைத்துவிட்டு நடந்தாள். அவள் கையிலிருந்த அரசு வழக்கறிஞர் அலுவலகத்துப் பட்டியலைப் பர்ஸூம் எட்டிப்பார்த்தான். முப்பத்தொன்று என்று இருந்தது.

தாழ்வாரத்தில் வைத்து அவளே விளக்கினாள். பிறை தெரிவதைப் பொறுத்து மாதம் இருபத்தொன்பது நாளிலும் முடியலாம், முப்பதிலும் முடியலாம். இருபத்தொன்பதாம் நாள் பிறை தெரிந்துவிட்டால் கடைசி எபிசோடு தொங்கலில் நிற்கும். அதனால் கடைசி இரண்டையும் சேர்த்து ஒரே எபிசோடாக வெட்டி ஒரு கூடுதல் கேசட் வைத்துக்கொள்வார்கள். டி.வி. ஆட்கள் எல்லோருக்கும் அது தெரியும். சினிமா முதலாளிக்குத் தெரியவில்லை.

"அழிச்ச ஆளு அதையும் விடாம அழிச்சிருக்கான்," என்றாள்.

"பே சம்பளத்துக்கு ஆள் வெச்சிருக்கலாமே மேடம்."

"இருக்கலாம். ஆனா அந்த சீரியல் வித்தா காசு வர்றது அவருக்குத்தானே, பர்ஸூம். அத அழிச்சு அவருக்கு என்ன லாபம்?"

தன் குற்றவாளி கைநழுவிப் போவதைப் பர்ஸூம் கொஞ்சம் வருத்தத்தோடு உணர்ந்தான்.

கேசட் அறையைத் திறந்துவிட வந்தவர் ஹஸனைன் என்ற வயதான காவல்காரர். இன்ஸாஃபின் வக்கீல் என்ற முறையில் பார்வையிட அனுமதிக் கடிதம் தவ்ஹீதாவிடம் இருந்தது. அறை சின்னது. மூன்று பக்கமும் இரும்பு அலமாரிகள், பதிமூன்று வருஷ சீரியல்கள். மூலையில் ஒரு ஸ்டூல் மேல் அந்தக் காந்தப் பெட்டி.

தவ்ஹீதா அதை வேலை செய்யவைக்கச் சொன்னாள். காவல்காரர் பதறிப்போய்க் கையை விரித்தார். பெட்டி ரொம்ப மின்சாரம் இழுக்குமாம். பத்து நிமிஷத்துக்கு மேல் ஓடவிட்டால் கட்டடத்துக்கே ஃபியூஸ் போய்விடுமாம். இன்ஸாஃப் ஐந்தாறு கேசட் போட்டுவிட்டு அரை மணி ஆறவிட்டுத்தான் மறுபடி போடுவாளாம். கடைசியாக எப்போது ஃபியூஸ் போனது என்று தவ்ஹீதா கேட்டாள். போன கோடையில், என்றார்.

"அப்ப முப்பத்தொரு கேசட்ட அழிக்க அரை நாளாகும்," என்றான் பர்ஸூம். "அக்கா இத வன்மத்துல செஞ்சிருந்தா, நடுவுல கோபமே ஆறிப்போயிருக்கும்."

தவ்ஹீதாவின் கண் சுருங்கியது. "அரை நாள் இது ஓடியிருந்தா காவல்காரருக்குத் தெரியாம போகாது. இந்தக் கேசட் அழிக்கப்படவே இல்ல பர்ஸூம். மாத்தப்பட்டிருக்கு. நிஜ கேசட்ட எடுத்துட்டு, புது வெத்துக் கேசட்ட வெச்சிருக்காங்க."

"லேபிள் அக்கா கையெழுத்துன்னு அவங்களே ஒத்துக்கறாங்களே?"

அதுதான் முட்டுச்சுவர். தவ்ஹீதா அலமாரி முன்னால் நின்று ஒவ்வொரு கேசட்டாக உருவிப் பார்த்தாள். சீரியல் பெயர், எபிசோடு எண், மூலையில் தேதி. மணிமணியான எழுத்து. கடைசிக் கேசட்டில் '29+30' என்று இருந்தது. பர்ஸூமுக்குக் கால் வலித்தது. பக்கத்து அலமாரியில் தபால்காரர் சீரியலைக் கண்டுபிடித்து, பழைய சிநேகிதரைப் பார்த்ததுபோல் ஒவ்வொன்றாகத் தடவினான். முதல் எபிசோடு அக்டோபர் மூன்று. இரண்டாவது அக்டோபர் பதினான்கு. கடைசி எபிசோடு வருவதற்குள் ஏப்ரல் ஆகியிருந்தது. பிறகு இந்தப் பக்கம் திரும்பினான்.

"அந்தக் காலத்துல எவ்வளவு மெதுவா வேலை செஞ்சிருக்காங்க பாருங்க. உப்புக் கிடங்குல அக்கா எவ்வளவு வேகம். முப்பத்தொரு எபிசோடும் ஒரே நாள்ல."

சொன்ன பிறகுதான் தவ்ஹீதா அசையாமல் நிற்பதைக் கவனித்தான். அவள் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். பிறகு உப்புக் கிடங்கின் முதல் கேசட், பதினைந்தாவது, கடைசி. எல்லாவற்றிலும் பிப்ரவரி பதினொன்று.

"பர்ஸூம், இன்னிக்கு நீ பேசினதுல இது ஒண்ணுதான் உருப்படி."

வெளியே வரும்போது, பிப்ரவரி பதினொன்றுக்கு மறுநாள், வார விடுமுறையான வெள்ளிக்கிழமை, உள்ளே யார் வந்தது என்று தவ்ஹீதா காவல்காரரிடம் கேட்டாள். விடுமுறை நாளில் யாரும் வருவதில்லை என்றார் அவர். உஸ்தாஸ் மட்டும் வந்தாராம். வருஷா வருஷம் நோன்புக்கு முன்னால் அரிசி, சர்க்கரை, எண்ணெய் எல்லாம் அட்டைப்பெட்டியில் கட்டி ஏழைகளுக்குக் கொடுப்பாராம். அன்றும் அந்தப் பெட்டிகளோடுதான் வந்தாராம், போனாராம். காவல்காரருக்கும் ஒரு பெட்டி கிடைத்ததாம்.

பர்ஸூம் கார் வரைக்கும் வாயைத் திறக்காமல் நடந்தான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவன் அப்படி நடந்ததே கிடையாது.

காரில் தவ்ஹீதா முன்சீட்டிலிருந்து திரும்பி உட்கார்ந்தாள்.

"இன்ஸாஃப், லேபிள்ல தேதி எப்ப போடுவீங்க?"

"எபிசோடு முடிஞ்சு எங்கிட்ட வர்ற அன்னிக்கு."

"அப்ப உப்புக் கிடங்கு மொத்தமும் எப்படி ஒரே தேதி?"

இன்ஸாஃப் ஒரு கணம் யோசித்தாள். பிறகு முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. இரண்டு நாளில் பர்ஸூம் பார்த்த முதல் சிரிப்பு.

"அதுவா. உஸ்தாஸ் காபியக் கொட்டிட்டாரு."

அவள் சொன்னது இது. அந்த வியாழக்கிழமை, பிரதிநிதி வருவதற்குள் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடுகிறேன் என்று உஸ்தாஸ் எல்லாக் கேசட்டையும் தள்ளுவண்டியில் தன் அறைக்கு எடுத்துப் போனார். மத்தியானம் அவளைக் கூப்பிட்டனுப்பினார். சின்னப் பிள்ளை மாதிரி முழித்துக்கொண்டு நின்றாராம். காபி சிந்தி லேபிளெல்லாம் பாழாகிவிட்டது, மறுபடி எழுதிக் கொடு என்றாராம். அவள் தன் மேஜையில் உட்கார்ந்து, அன்றைய தேதி போட்டு, முப்பத்தொன்றையும் எழுதிக் கொடுத்தாள். ஒட்டுகிற வேலையை அவளுக்கு வைக்கவில்லை. என் தப்பு, நானே ஒட்டிக்கொள்கிறேன் என்றார். சனிக்கிழமை அவள் வந்தபோது கேசட்டெல்லாம் அலமாரியில் வரிசையாக இருந்தன. மேஜையில் ஒரு தட்டு பஸ்பூஸா இனிப்பு வைத்திருந்தார், மன்னிப்புக் கேட்டு.

"இத ஏன் அரசு வழக்கறிஞர்கிட்ட சொல்லல?"

"அவங்க கேக்கல. காபி கொட்டினதையெல்லாம் சொல்லி அந்த மனுஷனச் சங்கடப்படுத்தவா?"

"காபி பட்ட லேபிளப் பாத்தீங்களா?"

இன்ஸாஃபின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்று, மெல்ல மெல்ல அர்த்தமில்லாமல் போனது. வெளியே பேருந்துகள் நோன்பு திறக்கும் அவசரத்தில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஓடின.

"நான் பாக்கவே இல்ல," என்றாள் கடைசியில். பிறகு, "அவரு ஏன் என்னை உங்ககிட்ட அனுப்பணும்?"

அதை அவரிடமே கேட்கலாம் என்று தவ்ஹீதா சொன்னாள். இன்ஸாஃபைப் போகும் வழியில் வீட்டில் இறக்கிவிடச் சொல்லிப் பர்ஸூமைப் பார்த்தாள். இன்ஸாஃப் இறங்க மறுத்துவிட்டாள். நானும் வருவேன், அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். பர்ஸூம் வண்டியைக் கிளப்பினான். ரவ்தா தீவுக்குப் போகும் பாலத்தில் ஏறும்வரை அவன் மனசுக்குள் ஒரே வேண்டுதல்தான் ஓடியது. காபி நிஜமாகவே கொட்டியிருக்க வேண்டும்.

உஸ்தாஸ் ஃபஹீம் வீடு நைல் பக்கம் பார்த்த மூன்றாவது மாடி. மனைவி இறந்துவிட்டார், மகள் சைப்ரஸில் இருக்கிறாள். அறுபத்தாறு வயதுக்கு நிமிர்ந்த உடம்பு. கதவைத் திறந்ததும் மூன்று பேரையும் பார்த்து முகம் மலர்ந்தார். நோன்பு திறக்க இன்னும் முக்கால் மணி இருக்கிறது, மூன்று பேரும் சாப்பிடாமல் போகக்கூடாது என்று பிடிவாதமாகக் கூடத்தில் உட்கார வைத்தார். பர்ஸூம் கிறிஸ்தவன் என்று தெரிந்ததும், உங்களுக்கு நெய் படாத மொச்சை தனியாக எடுத்துவைக்கிறேன் என்றார். அந்த அக்கறைதான் பர்ஸூமை மிகவும் உறுத்தியது.

நடையில் சுவரோரமாக ஏழு அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. எல்லாவற்றின் மேலும் 'ரமலான் தர்மம்' என்று கொட்டை எழுத்து. அதற்குப் பக்கத்தில் இரண்டு தோல் பெட்டிகள், பயணத்துக்குத் தயாராக.

ஷாஹிர் பே மேல் தப்பில்லை என்று தெரிந்துவிட்டதாகத் தவ்ஹீதா மெதுவாக ஆரம்பித்தாள். உஸ்தாஸ் ஒத்துக்கொள்ளவில்லை. சாவி வேறு யாரிடம் இருக்கிறது, அவன் அப்பா கட்டிய பிரிவைக் குழிதோண்டிப் புதைக்க அவன் வந்த நாளிலிருந்து சமயம் பார்த்தான் என்றார். நிதானமான, நம்பவைக்கிற பேச்சு. பதிமூன்று வருஷம் ஜனங்களுக்குக் கதை சொன்ன குரல். நவம்பரில் அவருக்குத் தெரிந்த விஷயத்தைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

பர்ஸூம் எழுந்து நடைக்குப் போனான்.

"உஸ்தாஸ், ஒன்பதாம் நோன்பு ஆயிடுச்சு, இன்னும் இது இங்கயே கெடக்கே. ஏழைங்க பட்டினி கெடப்பாங்க. வண்டி கீழதான் நிக்குது. பள்ளிவாசல்ல இறக்கிட்டு ஓடி வந்துடறேன்."

"வேணாம் வேணாம், ஆள் வருவான்," என்று உஸ்தாஸ் சட்டென்று எழுந்தார்.

அதற்குள் பர்ஸூம் மேல் பெட்டியைத் தூக்கிவிட்டான். இருபது வருஷம் ஜனங்களின் மூட்டைமுடிச்சுகளை வண்டியில் ஏற்றி இறக்கியவன். அரிசியின் கனம் அவன் கைக்குத் தெரியும். லேசாகக் குலுக்கினான். உள்ளே கடகடவென்று பிளாஸ்டிக் மோதுகிற சத்தம் கேட்டது.

"இந்த வருஷம் அரிசி கொஞ்சம் பெருசா வெளைஞ்சிருக்கு," என்றான். சொல்லிவிட்டு, சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தான்.

இன்ஸாஃப் எழுந்து வந்தாள். பெட்டியின் மூடியைப் பிரித்து ஒரு கேசட்டை எடுத்தாள். லேபிளில் அவள் எழுத்து. தேதி, அக்டோபர் இருபத்தெட்டு. காபி ஒரு சொட்டுப் படாத, பளிச்சென்ற வெள்ளைத் தாள்.

உஸ்தாஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரே நிமிஷத்தில் அவருக்கு அறுபத்தாறு வயது வந்துவிட்டது.

அவர் எதையும் மறுக்கவில்லை. நவம்பரில் அந்தப் பயல் விஷயத்தைச் சொன்ன அன்று வீட்டுக்கு நடந்தே வந்ததாகச் சொன்னார். ஸ்டூடியோவைக் காலி செய்யும்போது பழைய கேசட்டையெல்லாம் அழித்து அதன் மேல் சோப்பு விளம்பரம் எடுப்பான். 'உப்புக் கிடங்கு', தான் எழுதியதிலேயே நல்லது, அதை அவனிடம் விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. மகள் இருக்கும் சைப்ரஸில் அவர் சின்னதாக ஒரு கம்பெனி தொடங்கியிருக்கிறார். பெயரை மாற்றி, அடுத்த ரமலானில் கொண்டுவருவதாகத் திட்டம். நாளை மறுநாள் கப்பல். திருடியதாக நினைக்கவே இல்லை, காப்பாற்றியதாகத்தான் நினைத்தேன் என்றார்.

"இன்ஸாஃப மாட்டிவிட்டது?" என்று தவ்ஹீதா கேட்டாள்.

"எப்படியும் எல்லாருக்கும் வேலை போகப்போகுது. அவளுக்கும் அதோட போயிடும்னு நெனச்சேன். வழக்குப் போடுவான்னு நெனைக்கல. போட்டதும் உங்ககிட்ட அனுப்பினேன். நீங்க எப்படியாவது அவள வெளிய கொண்டு வந்துடுவீங்கன்னு."

"ஷாஹிர் பேவ உள்ள தள்ளி."

இன்ஸாஃப் கேசட்டைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"எங்கிட்ட சொல்லியிருந்தா நானே தூக்கிக் கொடுத்திருப்பேன் உஸ்தாஸ்," என்றாள். "மூணு மாடியும் நானே சுமந்திருப்பேன்."

உஸ்தாஸ் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். கையை எடுக்காமலே ஒரு வழி சொன்னார். கேசட்டை எடுத்துக்கொண்டு போங்கள். அலமாரிக்குப் பின்னால் கிடைத்ததாகச் சொல்லுங்கள். இன்ஸாஃப் பேர் தெளிந்துவிடும். என் பேர் மட்டும் வேண்டாம். அந்த நூற்று நாற்பது பேருக்கு மட்டும் தெரிய வேண்டாம்.

தவ்ஹீதா பர்ஸூமைப் பார்த்தாள். பர்ஸூமுக்கு அது மோசமான யோசனையாகத் தோன்றவில்லை. தபால்காரர் குடும்பத்தை எழுதிய கை அது. தவ்ஹீதா கைப்பையை மூடிக்கொண்டு, முடிவு தன்னுடையது இல்லை என்று சொல்லி இன்ஸாஃப் பக்கம் திரும்பினாள்.

இன்ஸாஃப் கேசட்டைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, கூடத்து மூலையிலிருந்த தொலைபேசியிடம் போய் உட்கார்ந்தாள். எண்ணை எந்தப் புத்தகத்திலும் தேடவில்லை. முதலில் எடிட்டர். அடுத்து ஒப்பனைக்காரி. பிறகு கேமராமேன், தையல்காரர், கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்த மின்வேலைக்காரன். முதல் ஆள் அவள் குரல் கேட்டதும் வைத்துவிட்டான். மறுபடி சுழற்றினாள். ஒவ்வொருவரிடமும் ஒரே வார்த்தைதான்.

"நோன்பு திறந்துட்டு நேரா உஸ்தாஸ் வீட்டுக்கு வாங்க. அவரு உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

பதினோரு பேர். பன்னிரண்டாவது எண்ணைச் சுழற்றுகையில் கோட்டைப் பக்கமிருந்து நோன்பு திறக்கும் பீரங்கி முழங்கியது; அதைத் தொடர்ந்து எல்லா மினாரிலிருந்தும் பாங்கு. மேஜையில் பேரீச்சம்பழமும், நெய் படாத மொச்சையும், பாதாமிப்பழ சர்பத்தும் இருந்தன. இன்ஸாஃப் எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்து உள்ளங்கையில் தண்ணீர் பிடித்துக் குடித்தாள். தவ்ஹீதாவும் போய் அப்படியே குடித்தாள். பகல் முழுக்க மொச்சையைத் திட்டிக்கொண்டிருந்த பர்ஸூம் தன் தட்டைத் தள்ளி வைத்தான்.

உஸ்தாஸ் மட்டும் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

அரை மணிக்கெல்லாம் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. ஒருவர் இருவர் இல்லை. கூட்டமாக, நோன்பு திறந்த களிப்பில் சத்தமாகப் பேசிக்கொண்டு. பிரிவு மறுபடி திறக்கப்போகிறது, அதைச் சொல்லத்தான் உஸ்தாஸ் கூப்பிட்டிருக்கிறார் என்று ஒரு இளங்குரல் அடித்துச் சொன்னது. மணி அடித்தது.

"நீயே சொல்லிடேன்மா," என்றார் உஸ்தாஸ். "உன் வாயால சொன்னா அவங்க தாங்கிப்பாங்க."

"என்னை அவங்க நம்ப மாட்டாங்க உஸ்தாஸ்," என்றாள் இன்ஸாஃப். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போய்க் கதவை அகலமாகத் திறந்தாள்.